பிற

விண்ணப்பப் படிவம் பதினொரு பக்கம்.
இடப்பக்கம் ஜெர்மன், வலப்பக்கம் ஜப்பானியம்,
நடுவே ஸ்டேப்ளர் கம்பி.
வீட்டில் பேசும் மொழிக்கு மூன்று கட்டங்கள்:
அது, இது, பிற.
பிறவில் சரி போட்டேன்.
பேனா அழுந்தி அடுத்த தாளிலும் விழுந்தது,
ஒவ்வாமைகள் என்ற தலைப்புக்கு நேரே.

பிள்ளையின் பெயரைக் கதகானாவில் எழுதவும்.
ராமென் கடை அடுப்படியில்
கைதுடைக்கும் தாளில் ஓனோதெரா எழுதித் தந்தார்:
கு. ர. ரி.
ர ற ல ள ழ ஐந்தும் ஏறிக்கொள்ள
அவர் மொழியில் ஒரே பெட்டிதானாம்.
நெரிசலில் யார் எங்கே நிற்கிறார்கள், தெரியவில்லை.
குறை சொல்லவில்லை.
கிண்டர்கார்டனில் மூன்று வருடமாக அவள் குட்ஸாலி.
குழலி என்று கூப்பிட டுசெல்டோர்ஃபில்
இரண்டு வாய்கள்தான்,
அதிலும் ஒன்றில் பல்வலி.

ஏன் எங்கள் பள்ளி? நான்கு வரிக்கு மிகாமல்.
நிரஞ்சலா எழுதினாள்: ஒழுக்கம், பண்பாடு, இரண்டு உலகம்.
நான் அடித்தேன்.
நான் எழுதினேன்: பதினொரு வருடமாக
உங்கள் சோற்றைத்தான் ஆக்குகிறேன்.
அவள் அடித்தாள்.
உண்மைக் காரணம் கீழ்வீட்டு ஹொனோகா.
ஹொனோகா அங்கே போகிறாள், ஆகவே குழலியும்.
அதற்கு அரை வரி போதும்,
இருவரும் எழுதவில்லை.
மாதம் அறுநூற்று நாற்பது யூரோவை
நாட்காட்டியின் பின்புறம் கூட்டினோம், வகுத்தோம்.
எப்படி வகுத்தாலும்
மீதி எங்கள் பக்கம் வர மறுத்தது.

நேர்காணல் ஓபர்காசலில், பிப்ரவரியில்.
டிராம் பாலத்தில் நின்று நின்று ரைனைக் கடந்தது.
வாசலில் காலணியைக் கழற்றச் சொன்னார்கள்.
இதையா எங்களுக்குச் சொல்லித் தரவேண்டும் என்று
நிமிர்ந்தபடி கழற்றினேன்;
காலுறை ஓட்டையில் பெருவிரல்
எனக்கு முன்பே வணக்கம் சொன்னது.

மிசுசாவா அம்மையார். ப்ரூக்கமான் ஐயா.
மேசையில் இரண்டு கிண்ணம், ஒரு ஜோடிக் குச்சி,
ஒரு கை சோயாப் பயறு.
இதிலிருந்து அதற்கு மாற்றுவாயா?
வீட்டில் கையாலும் வெளியில் முள்கரண்டியாலும்
தின்னும் பிள்ளை
பயறைப் பார்த்தாள், குச்சியைப் பார்த்தாள்,
யத்தே மிமஸ் என்றாள்.

நான் சொல்லித் தந்ததில்லை. ஹொனோகாவாக இருக்கும்.
ஆனால் அது மேசைமேல் வந்து விழுந்தபோது
எனக்கு மொழிபெயர்ப்பே வேண்டியிருக்கவில்லை.
யத்தே, செய்து. மிமஸ், பார்க்கிறேன்.
இரவுதோறும் ஓனோதெரா கரண்டியை நீட்டி
தபெதெ மிதே என்பதும்
சாப்பிட்டுப் பார் என்பதுதான்.
பதினொரு வருடம் சாப்பிட்டேன்,
பார்க்கவில்லை.
ஜெர்மன்காரர் முயல்வார்கள்.
நாங்கள் செய்வோம், பிறகு
செய்ததை நின்று பார்ப்போம்.
எது எங்கிருந்து எங்கே போனது என்று
என்னைக் கேட்கவேண்டாம்,
நான் நூடுல்ஸ் வேகவைப்பவன்.

ஆறு பயறு சேர்ந்தது.
ஏழாவது உருண்டு மேசைக்கடியில் ஓட
அவளும் தவழ்ந்து போய், கையால் எடுத்து,
கிண்ணத்தில் போட்டு, குனிந்து வணங்கினாள்.
பயறுக்கா, ப்ரூக்கமான் ஐயாவுக்கா,
தெரியாமல் அவரும் குனிந்தார்.

ஏப்ரலில் கடிதம் வந்தது.
காத்திருப்போர் பட்டியலில் ஒன்பதாவது.
இரண்டு மொழியிலும் ஒரே அளவு பணிவு.

உள்ளே போடும் வெள்ளைக் காலணியை
நிரஞ்சலா முன்பே வாங்கிவிட்டாள்,
அடுத்த வருடத்துக்கும் ஆகுமென்று ஒரு அளவு பெரிதாக.
ரசீது எங்கோ போயிற்று.
அழியாத மையில் இடது நுனியில் குழ, வலதில் லி.
போட்டுப் பார்க்கிறேன் என்கிறாள்.
அடுப்படியிலிருந்து குளியலறை வரை
டப் டப்பென்று நடக்கிறாள்,
குதி கழன்று கழன்று சேர்கிறது.
கீழ்வீட்டில் ஹொனோகா
துடைப்பக் காம்பால் தன் கூரையைத் தட்டுகிறாள்,
இரண்டு தரம்,
பிறகு இன்னொரு தரம்.