ஆறாம் நிலை

இரண்டே வரிதான் எழுதிக் கொடுத்தேன்.
திருகோணமலைத் துறையும் மூதூர்த் துறையும்
ஒரே நேரத்தில் படகு விடக்கூடாது;
நடுவில் மணல்மேடு, ஒரு படகுக்கே வழி.
அதற்காக இரண்டும் எப்படிப் பேசிக்கொள்வது என்பதை
இயந்திரமே கண்டுபிடிக்கட்டும்.

மூன்று வினாடியில் விடை:
எந்தப் படகும் வெளிக்கிட வேண்டாம்.
பிழையே இல்லை. நிறுவலும் கூடவே இருந்தது.

மூதூர்க் கரையிலிருந்து நௌஸீன்
போன் கரகரக்கச் சிரித்தாள்.
“எங்கட பிரதேச சபையில வேலை பார்த்திருக்கும்.”

சரி, காத்திருப்பவர் என்றாவது ஏறவேண்டும்
என்று மூன்றாம் வரி சேர்த்தேன்.
இம்முறை பாதி இரவு விசிறி இரைந்து
இயலாது என்றது.
இயலாமைக்குச் சாட்சியாக ஏழு படியில் ஒரு கதை:
‘விடவா?’ போகிறது. கடல் விழுங்குகிறது.
மறுபடி போகிறது. மறுபடி விழுங்குகிறது.
ஏழாம் படியிலிருந்து முதலாம் படிக்கு
ஓர் அம்புக்குறி.

ஆகவே கடலைப் பற்றி ஒரு வாக்கியம் தேவை.
என்றென்றைக்கும் விழுங்காது.
எடுகோள் என்ற தலைப்பின் கீழ் அவ்வளவுதான்.
விசைப்பலகையில் கை நின்றது.
இந்த ஊரில் இருந்துகொண்டு
இந்தக் கடலுக்கு நான் பிணை நிற்பதா?
யன்னலுக்கு வெளியே, கந்தோர் மதிலோரம்
மான் ஒன்று சோற்றுப் பார்சல் தாளை
மென்றுகொண்டிருந்தது, அவசரமில்லாமல்.
எழுதினேன்.

விடிய ஐந்து மணிக்கு நெறிமுறை வந்தது.
எட்டு நிலைகள். யாரும் யோசித்து வரைந்ததல்ல.
ஆறாவது மட்டும் எனக்குப் பிடிபடவில்லை:
கேட்ட கேள்வியே திரும்ப வந்தால்
புதிதாக ஒன்றும் செய்யாதே,
சொன்ன பதிலையே திரும்பச் சொல்.

வீண்வேலை என்று அழித்துப் பார்த்தேன்.
நான்காம் படியில் இரு துறையும்
எதிரெதிரே பார்த்தபடி உறைந்துபோயின,
சனம் வரிசையில், கயிறு கட்டியபடி.

அப்போதுதான் உறைத்தது.
இரண்டாம் தரம் கேட்பது நம்பாமல் அல்ல.
என் பதில்தான் வழியில் எங்கோ தாண்டுபோனது.
எத்தனை பேரிடம் எரிந்து விழுந்திருக்கிறேன்
இந்த ஒரு நிலை எனக்குள் இல்லாமல்.

நௌஸீன் அழைத்தாள். “காலைப் படகு வருதா?”
ராத்திரியே சொன்னேனே என்பது
நாக்கு வரை வந்துவிட்டது.
“வருது. ஏழு மணிக்கு.”
அந்தப் பக்கம் காற்று மட்டும்.
கேட்டிருப்பாளோ என்னவோ.
போனை வைக்காமல் இருந்தேன்,
அவள் மறுபடி கேட்கட்டும் என்று.