கவர்தல்

வெள்ளி இரவுகளில் தண்டர் பேயில்
கர்லிங் கிளப்பின் மாடியில் இருக்கிற பாரில்
பிறர் பாடல்களை வாசிக்கிறோம்.
வாசல் அட்டையில் கவர் பேண்ட் என்று போட்டிருக்கும்.
எனக்கு அது தமிழில்தான் கேட்கும்:
கவர். பறித்துக்கொள்.
அயலூர் ஆநிரையை இருட்டோடு ஓட்டி வருகிறவர்கள்போல
எழுபதுகளின் பாடல்களை ஓட்டி வருகிறோம்,
விலாவில் வேறொருவர் சுட்ட குறியோடு.

ரெய்யோ கிட்டார். பகலில் குழாய் திருத்துகிறவன்.
வேய்ன் பேஸ். பேசமாட்டான்.
டிரம்ஸில் நான்,
ஏரிக்கரைத் தானியக் கிடங்கில் எடை எழுதும் பவானந்தன்.
இவர்களுக்கு பவ்.
பாடுகிறவள் மார்லீன்.
அறுபத்திரண்டு வயது, பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள்,
கைப்பையில் இரண்டு இன்ஹேலர்,
எப்போதும் ஒன்று காலி.

அந்தப் பாட்டு உங்களுக்கும் தெரிந்திருக்கும்,
பெயர் தெரியாவிட்டாலும்.
பெட்ரோல் நிலையத்தில் ஓடும்,
பல் பிடுங்கும் இடத்தில் ஓடும்.
ஒருவன் மோட்டார் சைக்கிளில் ஊரை விட்டுப் போகிறான்.
திரும்பமாட்டேன் என்று நாலு முறை கத்துகிறான்,
நாலும் ஒரே மூச்சில்.

மார்லீனிடம் அவ்வளவு மூச்சு இல்லை.
மூன்றோடு நிறுத்துவாள்.
நெஞ்சுக்குள் ஒரு கதவுக்கீல் உராயும்,
மைக் அதையும் விடாது.
நான் குச்சியைத் தூக்கியபடி காத்திருப்பேன்.
ஒன்று. இரண்டு.
பனி கொட்டும் வாரங்களில் ஐந்துவரை போகும்.
பிறகு அந்த நாலாவது.
கத்தமாட்டாள். சொல்லுவாள்,
கடைசி இருக்கையில் தூங்கிவிட்ட பிள்ளையிடம்
உன் நிறுத்தம் வந்துவிட்டது என்பதுபோல.

அசலை நான் கேட்டது ஆறு மாதம் கழித்துத்தான்,
டிம் ஹார்டன்ஸ் வரிசையில், கையில் சில்லறையோடு.
இவனுக்கு என்ன அவசரம் என்று தோன்றியது.
எங்கள் பாட்டை எவனோ திருடியிருக்கிறான்,
அதுவும்
நான் பிறப்பதற்கு முன்பே.

ரெய்யோவிடம் சொன்னேன்.
அவன் முகம் கறுத்துவிட்டது.
அவனுக்கு இசைத்தட்டுதான் வேதம்;
அதிலுள்ள கீறல்கூட அவனுக்கு மனப்பாடம்.
'அவளுக்கு ஆஸ்துமா, பவ். அதற்குப் பெயர் கலை இல்லை.'

பிப்ரவரியில் மார்லீன் விழுந்துவிட்டாள்.
இரண்டு நுரையீரலிலும் சளி.
கெனோராவிலிருந்து ஒரு பையன் வந்தான், கோடி என்று பெயர்.
நல்ல குரல், புத்தம்புது நுரையீரல்,
தோல் ஜாக்கெட்டும் உண்டு.
ஒத்திகைக்கு நேரமில்லை.
'இசைத்தட்டில் உள்ளபடியே' என்றான்.
'கடைசியில் அப்படியாவது' என்றான் ரெய்யோ.

முதல் மூன்றும் சரியாக வந்தன.
மூன்றாவது முடிந்ததும் என் கை
தானாக மேலே போய் நின்றது.
நாலாவதைக் கோடி தனியே கத்தினான்,
அம்மணமாய் அறைக்கு வெளியே வந்துவிட்டவன்போல,
கத்திக்கொண்டே திரும்பி என்னைப் பார்த்தான்.
வேய்னின் பேஸும் நின்றிருந்தது.
நான் ரெய்யோவைப் பார்த்தேன்.
வேதக்காரன்
கம்பிகளை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு
தரையைப் பார்த்தபடி எண்ணிக்கொண்டிருந்தான்.

முப்பது பேர் இருந்திருப்பார்கள்.
குளிர்பெட்டியின் உறுமல் கேட்டது.
கீழ்த்தளத்தில் கல் ஒன்று பனியில் வழுக்கிப் போய்
இன்னொரு கல்லில் முட்டியது.
யாரோ இருமினார்கள்.
அதன் பிறகுதான் நாங்கள் மூவரும் உள்ளே விழுந்தோம்,
சொல்லிவைத்ததுபோல, ஒரே அடியில்.

கோடி பணத்தை எண்ணி வாங்கிக்கொண்டு
உங்களோடு மனிதன் பாடுவானா என்று போய்விட்டான்.
நியாயம்தான்.

மார்லீனிடம் நான் சொல்லவில்லை.
பேசாத வேய்ன் போன் போட்டுச் சொன்னானாம்.
சிரித்தாளாம், சிரிப்பு இருமலாகி,
இருமல் நின்றபின்
'அந்த ஒரு துண்டுதான் என் சொந்தம்.
அதையும் அடித்துக்கொண்டு போய்விட்டீர்களா?' என்றாளாம்.

இந்த வெள்ளி வருகிறாள்.
டாக்டர் புது மருந்து கொடுத்திருக்கிறார்,
மாடிப்படி ஏறினால் இப்போது மூச்சு வாங்குவதே இல்லையாம்.
நல்லது என்றேன். மனதாரச் சொன்னேன்.
இருந்தாலும் குச்சிகளைத் துடைத்து வைக்கும்போது
அந்த மருந்து
கொஞ்சம் மெதுவாக வேலை செய்யட்டும் என்று
ஒரு திருட்டு மனம்.