தலைகீழாகப் பூட்டிய ரான்சிஸ்டர்

கரடிப்போக்குச் சந்தி, போன் திருத்தும் கடை, பின்மேசை.
ரான்சிஸ்டர் ஒன்றைத் தலைகீழாகப் பூட்டினேன்,
ஒரு காலை எதிலும் தொடாமல் விட்டு.
போகக்கூடாத திசையில் பன்னிரண்டு வோல்ற்றைத் தள்ளினால்
தாங்காமல் முணுமுணுக்கும்.
வேறு யாரென்றாலும் அடக்கப் பார்க்கும் அந்த இரைச்சல்தான்
எனக்கு வேண்டும்.

கேட்டது அக்கராயன் கமக்காரர் அமைப்பு.
குளம் இம்முறை பாதி.
சிறுபோகத்துக்கு நூற்றுப்பத்துப் பேர்,
தண்ணீர் நாற்பது பேருக்கு.
போன வருடம் சில்வர்க் குடத்தில் துண்டு போட்டுக் குலுக்கினார்கள்.
முதல் துண்டு செயலாளர் பரஞ்சோதியரின் மச்சானுக்கு.
துண்டை ஐஸ்பெட்டியில் வைத்தெடுத்தவராம்,
குளிர்ந்ததைக் கை தேடிப் பிடித்ததாம்.
"ஒருத்தரும் கை வைக்கேலாத குடம் ஒண்டு
செய்து தா பிள்ளை" என்று
வந்து நின்றவர் பரஞ்சோதியரேதான்.

சில்லுக்குள் எழுமாற்று எண்ணுக்கென்று
ஒரு வரிக் கட்டளை ஏற்கெனவே உண்டு.
அது பாடமாக்கிய பிள்ளை.
அணைத்து மூட்டிப் பாருங்கள்,
அதே எண்களை அதே வரிசையில் ஒப்புவிக்கும்.

முதல் இரவு பத்தாயிரம் எடுத்தேன்.
ஒன்று ஐயாயிரத்து எண்ணூற்றுச் சொச்சம். மீதி பூச்சியம்.
வரைந்து பார்த்தால் அலை,
செக்கனுக்கு ஐம்பது தரம்:
லக்சபானாக் கறண்ட் சுவருக்குள்ளிருந்து
தாளம் போட்டிருக்கிறது.
சுவரை விட்டேன். மோட்டார்சைக்கிள் பற்றறி.
பால்மா ரின்னுக்குள் எல்லாவற்றையும் இறக்கி மூடினேன்.

அப்பவும் ஒன்றின் பக்கம் கொஞ்சம் சாய்வு.
இரண்டிரண்டாக எடுத்தேன்.
இரண்டும் ஒன்றென்றால் எறி.
இரண்டும் பூச்சியமென்றால் எறி.
பூச்சியம் முந்தினால் பூச்சியம், ஒன்று முந்தினால் ஒன்று.
முக்கால்வாசிக்கு மேல் குப்பைக்குப் போனது.

நிறோஜினி முகமாலையில் மிதிவெடி அகற்றுபவள்.
போனுக்குக் கண்ணாடி மாற்ற வந்து
ஹெட்போனை வாங்கிக் காதில் வைத்தாள்.
"இந்தச் சத்தம் வந்தால் நாங்கள் மெசினைத் திருப்பி அனுப்புவம்.
நீ பால்மா ரின்னில அடைச்சு வைக்கிறாய்."
சிரித்தாள். பிறகு கழற்றாமல் கனநேரம் கேட்டாள்.

மாத்தளன் பங்கருக்குள்
அப்பா மண்ணில் குச்சியால் கோடு போட்டவர்.
இரண்டு செல். இடைவெளி. மூன்று செல்.
ஒரு ஒழுங்கு இருக்கும்,
பிடித்துவிட்டால் தண்ணி எடுக்கப் போய்வரலாம் என்று.
நாற்பத்தேழு கோடு.
அதற்குப் பிறகு கோடு இல்லை.
எந்த விதியும் இல்லாத ஒன்றுக்கு
எங்கள் ஆட்கள் வைத்திருக்கிற பெயர்
விதி.

பொதுநோக்கு மண்டபம், ஞாயிறு காலை.
ரின்னை மேசையில் வைத்தேன்.
பொத்தானை அமத்தியது முன்வரிசையில் யாரோ ஒரு சின்னப் பெடியன்.
இருபத்துமூன்று.
பரஞ்சோதியரின் மச்சான்.

கதிரைகள் பின்னால் சரிந்தன.
"ரின்னையும் ஐஸ்பெட்டிக்குள்ள வச்சனீங்களோ?"
மூடியைத் திறந்து காட்டினேன்.
ஈயம் ஒட்டிய பச்சைப் பலகை, ஒரு சில்லு, நாலு வயர்,
இதில் எதைப் பார்ப்பார்கள்.
மச்சான் இலட்சுமிகாந்தன் எழும்பிவிட்டார், முகமெல்லாம் வேர்வை.
"எனக்கு வேண்டாம் பிள்ளை, திருப்பி அமத்து."
மாட்டேன் என்றேன்.
பிடிக்காத எண்ணைத் திருப்பி அமத்தினால்
அது பழைய குடம்.
அவரைப் பிடிக்கவேண்டும் என்றோ, விடவேண்டும் என்றோ
ரின்னுக்குள் ஒன்றும் இல்லை.
சொன்னேன். யார் கேட்டது?
பரஞ்சோதியர் மட்டும் பேனையால்
இருபத்துமூன்று என்று எழுதி
அதன் கீழே இரண்டு தரம் கோடிழுத்தார்.

பெடியன் அமத்திக்கொண்டே இருந்தான்.
எட்டு. நூற்றியொன்று. அறுபத்தைந்து. அறுபத்தாறு.
சனம் மெல்ல மெல்ல எண்களுக்குள் வந்தது.
யாரோ கைதட்டினார்கள், யாரோ வெளியே போய் சைக்கிளை எடுத்தார்கள்.

அந்தப் பட்டியலில் எங்களுக்குக் காணி இல்லை.
என்றாலும் ஒவ்வொரு அமத்தலுக்கும்
நாற்பத்தேழு வரும் என்று பார்த்துக்கொண்டு நின்றேன்.
நாற்பதாவது எண்ணும் விழுந்தது.
வரவில்லை.
வரும் என்று நின்றது
அதைச் செய்த நான்.