குதிரைமேல்

சீனத்தில் ‘உடனே’ என்பதற்கு
‘மாஷாங்’ என்பார்கள்.
பிரித்தால், குதிரைமேல்.
பொம்மசந்திரா தொழிற்சாலையில்
நாளைக்கு நாற்பது தடவை மொழிபெயர்க்கிறேன்.
அச்சு எப்போது வரும்? குதிரைமேல்.
ஜெனரேட்டர்? குதிரைமேல்.
பின்வரிசையில் ஒருவர் சம்பளம் என்று கேட்டதை மட்டும்
நான் மொழிபெயர்க்கவில்லை.

இப்போது சில்க் போர்டு சிக்னலில்
ஐம்பத்திரண்டாவது நிமிடம்.
கம்பெனி வண்டியின் கண்ணாடியில் மழை.
டிரைவர் எஞ்சினை அணைத்துவிட்டு
நகம் வெட்டிக்கொண்டிருக்கிறார்.
பெயரில் பட்டு.
மற்றபடி புகை, சேறு, ஹாரன்.

இது குதிரை வருஷம் என்று
மேசைமேல் சிவப்புக் குதிரை ஒட்டிவைத்திருக்கும்
லியாவ் மேடம், சிச்சுவான்காரி,
மதியம் டப்பாவைத் திறந்தபடி சொன்னாள்:
வெளியூர் போன அப்பன் திரும்பவில்லை.
தனித்திருந்த மகள் லாயத்தில் நின்று
விளையாட்டாகச் சொன்னாள்,
அவரைக் கூட்டி வா, உன்னையே கட்டிக்கொள்கிறேன்.
கயிற்றை அறுத்துக்கொண்டு போனது குதிரை.
கூட்டி வந்தது.
பிறகு புல்லைத் தொடவில்லை.
அவள் கடக்கும்போதெல்லாம்
உடம்பு முழுக்கக் கனைத்தது.
அப்பன் விசாரித்தான். அம்பு விட்டான்.
தோலை முற்றத்தில் காயப்போட்டான்.
அவள் அதைக் காலால் எத்தி,
மிருகத்துக்குப் பெண் கேட்குதோ, என்றாள்.
தோல் எழுந்தது. அவளைச் சுருட்டியது. பறந்தது.
சில நாள் கழித்து ஒரு மரத்தில் கண்டெடுத்தார்கள்,
இரண்டும் ஒன்றாகி
இலை தின்று நூல் கக்கிக்கொண்டிருந்ததை.
பட்டுப்புழு தலை தூக்கினால் பார், குதிரையேதான்,
என்று டப்பாவை மூடினாள் மேடம்.

எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஆனி மாதம், இதே சிக்னலில்,
500-டி பேருந்துக்குள் அப்பாவுக்கு நெஞ்சு அடைத்தது.
அவர் போனில் தெரியாத குரல், கன்னடத்தில்.
டெலிவரி பையன். நிங்கப்பா. யாத்கீர்.
உயிரோடு கொண்டு சேருங்கள் என்றேன்,
ஏனு கேளிதரூ கொடுத்தீனி.
நடைபாதையில் ஏற்றி, ஒருவழியில் எதிராகப் புகுந்து
பதினோரு நிமிடத்தில் செயின்ட் ஜான்ஸ்.
யாருடைய பிரியாணியோ
பின்பெட்டியில் ஆறிப்போயிருந்தது.

அவன் எதுவும் கேட்கவில்லை.
நீலசந்திராவில் எங்கள் கேட்டருகே
வாரம் ஒருமுறை எஞ்சினை அணைப்பான்.
அப்பா ஹேகித்தாரே, என்பான்.
பதில் கிடைத்த பிறகும் நிற்பான்.
ஒரு மழைநாளில் கோட்டைக் கழற்றிக் கொடியில் போட்டு
காபி குடித்தான். மறந்துவிட்டுப் போனான்.
அவன் யாரு நாம யாரு, என்றார் அப்பா,
தையல் போட்ட நெஞ்சைத் தடவிக்கொண்டே.
செயலிக்குப் புகார் எழுதினார்:
வேலை நேரத்தில் வீட்டு வாசலில் நிற்கிறான்.
ஆங்கிலம் சரியா என்று என்னிடம்தான் காட்டினார்.
ஒரு எழுத்துப்பிழையைத் திருத்தினேன்.

அவன் ஐடியை முடக்கினார்கள்.
குதிரைமேல்.

கோட்டு நான்கு மாதம் கொடியில்.
நேற்று அப்பா, குப்பையில் போடு, என்றார்.
கைப்பையில் போட்டேன்.

சீனத்தில் பட்டுக்கும் நினைப்புக்கும் ஒரே ஒலி.
எழுத்து வேறு.
காதில் விழும்போது எது என்று தெரியாது,
பக்கத்துச் சொல் வரும்வரை காத்திருக்க வேண்டும்.
தொழிலில் எனக்கு இது பழக்கம்தான்.

அறுபத்தோராவது நிமிடம்
கதவைத் திறந்தேன்.
மேடம், எல்லிகே, என்கிறார் டிரைவர், நகவெட்டியோடு.
கோட்டின் உள்ளே பெட்ரோல், வியர்வை,
நான் சாப்பிடாத ஏதோ ஒரு மசாலா.
எனக்குப் பெரிது. விரல்களைத் தாண்டித் தொங்குகிறது கை.
காற்று புகுந்து முதுகில் ஒருமுறை உப்பியது,
பிறகு சுற்றி ஒட்டிக்கொண்டது.

பைக்குகளுக்கு நடுவே நடக்கிறேன்,
ஒவ்வொரு ஹெல்மெட்டாக.
மீடியனில் நனைந்து நிற்பது என்ன மரமோ.
யாரோ ஒருவன் தலையைத் தூக்கினான்.
அவன் இல்லை.
அடுத்தது.