கப்பல் உடையும் இடம்

கொம்புகள் அதிகம் என்கிறான் ஜோம்போர்.
கடல் படம் என்றாலே
பித்தளையைக் காய்ச்சி ஊற்றிவிடுகிறார்களாம்.
ஈல்திகோ கேட்டபாடில்லை;
ஊசியைத் தூக்கி
மறுபடி அதே இடத்தில் வைக்கிறாள்.
புடாபெஸ்ட்டில் பனி.
ஹீட்டர் மேல் யாருடைய காலுறையோ காய்கிறது.

"இதோ, செல்லோக்களுக்கு அடியில்
ஒரு மரம் முனகுகிறதே.
கப்பல் உடைவதை
இதைவிட எப்படிச் சொல்ல?"
படமே பார்க்காத லெஹெல்
மூக்கை உறிஞ்சுகிறான்.

சத்தத்தைக் குறைக்கச் சொல்ல வந்த
மேல்வீட்டு போர்பாலா
வாசலிலேயே நின்றுவிட்டாள்.
அந்தப் பதிவில்
இரண்டாம் வரிசை வயோலா, அவள்.

"அது என் நாற்காலி.
அன்றைக்கு இடுப்புவலி,
கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தேன்."

அடுப்பில் காபி பொங்கி வழிந்தது.
ஜோம்போர்தான் ஊசியைத் தூக்கினான்.

மறுபடி
உடைந்தது கப்பல்.