திரும்பி வந்த லோடு

ஆனிச் சாரலுக்குக் குற்றாலத்தில்
அறை வாடகை இரண்டு மடங்கு.
புளியரையில் எங்கள் கிட்டங்கிக்குள்
அதே சாரல் ஜன்னல் கம்பி வழியாக வந்து
வீட்டாள் மாதிரி
சாக்குகளின் மேல் உட்கார்ந்துகொள்ளும்.

புனலூர் கம்பெனிக்குப் போன கடுக்காய்
நாற்பது மூட்டையும்
எஸ் வளைவு இறங்கித் திரும்பி வந்தது.
டிரைவர் சஜீவன் ஒரு தாளை நீட்டினான்.
பூஞ்சை நஞ்சு, அனுமதித்ததைவிட நாலு பங்கு.
மலையாளத்திலும் இங்கிலீஷிலும் எழுதியிருந்ததற்கு
முதலாளி மைதீன் பிச்சை
தமிழில் ஒரு கெட்ட வார்த்தை சொன்னார்.

சுக்குக்குத் தோலில் நஞ்சு,
கடுக்காய்க்குக் கொட்டையில் நஞ்சு.
பதினோரு வருஷமாய்
அந்தக் கொட்டையைத் தட்டி எறிவதுதான் என் வேலை.
கண்ணை மூடிக்கொண்டு
சொத்தைக்காயை விரலால் சொல்லிவிடுவேன்.
இது தோலிலும் இல்லை, கொட்டையிலும் இல்லை.
மோந்து பார்த்தேன்.
யாரும் பார்க்காதபோது நக்கியும் பார்த்தேன்.
அதே துவர்ப்பு.
கடைசியில் கொஞ்சம் இனிப்பு, எப்போதும் போல.

சாறெடுத்துத் தகட்டில் பொட்டு வைத்து
ஊதா விளக்கடியில் காட்டினால்
நீலமாய் ஒளிருமாம்.
'காணான் நல்ல பங்கியா சேச்சி' என்றான் சஜீவன்.
அழகாம்.

அன்று ராத்திரி கரண்ட் போனது.
கிட்டங்கிக்குள் எட்டிப் பார்த்தேன்.
ஒன்றும் ஒளிரவில்லை.
எலி ஒன்று ஓடிற்று.

வெயில் கண்ட முதல் நாள்
சாக்கு மாற்றச் சொன்னார் முதலாளி.
துணியால் துடை, புதுச் சாக்கில் கட்டு,
லாரியில் நல்லதை மேலே அடுக்கு, இதை அடியில்.
கொட்டாரக்கரையில் வேறு ஆள் வாங்குவான்.
அவன் குத்தூசி மேல் வரிசையோடு நின்றுவிடும்.
கடுக்காயை வைத்தே கடுக்காய் கொடுப்பது
எங்கள் தொழிலில் பழைய சிரிப்பு.
நானும் சிரித்தேன்.
நாள்கூலி நானூற்றைம்பது.

முத்துப்பேச்சி பிடித்துக்கொண்டாள், நான் தைத்தேன்.
அடி மூட்டைகளுக்கு மட்டும் சிவப்பு நூல்.
'என்னக்கா இது' என்றாள்.
'வெள்ளை நூல் குறைச்சலா இருக்கு' என்றேன்.
சஜீவன் வண்டியில் ஏறும்போது
தைத்த வாயைத் தொட்டுக் காட்டினேன்.
கொஞ்ச நேரம் பார்த்தான்.
அவனுக்குப் புரிந்ததா என்று கேட்க
எனக்கு மலையாளம் போதவில்லை.
தமிழும்.

ஒன்றை மட்டும் அவனிடம் சொல்லவில்லை:
இருபத்தாறாவது மூட்டையில்
சிவப்பு நூல் தீர்ந்துவிட்டது.
கடைக்குப் போய் வர நேரம் இருந்தது.
மீதிப் பதினாலையும்
வெள்ளையால் தைத்தேன்.