தீங்கற்றது

டார்ட்டு நகரில்
பியானோக்களுக்குச் சுருதி சேர்க்கும் ஹில்லார் தாமிக்கின்
இடது செவிப்பறைக்குப் பின்னால்
மிளகளவு இடத்தில் இரத்தக்குழாய்கள்
வேறு வேலையின்றிப் பின்னிக்கொண்டிருந்தன.

இரண்டு தந்திகள் இசையாதபோது எழும் அலையை
எண்ணித்தான் அவர் பிழைப்பு.
உள்ளே இன்னொன்றும் எண்ணியது.
படியேறினால் விரைந்தது.
ஜனவரியில் பள்ளிக்கூடப் பியானோவைத்
தன் நாடிக்குச் சேர்த்துவிட்டு வந்தார்.
பாட்டு டீச்சர் போனில் திட்டவில்லை, சிரித்தார்.
அதுதான் தாங்கவில்லை.

"எனக்கும் கேட்குது" என்றாள் மார்யே,
காதோடு காது வைத்து.
பனி வாரும் வண்டி தெருமுனை திரும்பும்வரை
இருவரும் அப்படியே இருந்தார்கள்.

மருத்துவர் தன் காலத்தில் கண்டது இது ஒன்றுதானாம்;
மாணவர்களை வரிசையில் நிறுத்திக் காட்டினார்.
அறிக்கையின் அடியில் ஒரு சொல்: தீங்கற்றது.
ஹில்லார் கண்ணாடியைத் துடைத்து
மறுபடி படித்தார்.

ஏப்ரலில் எடுத்தார்கள்.
பஞ்சை உருவிய அன்றே பள்ளிக்கூடம் போனார்.
தந்தி தன்னைச் சொன்னது, அவ்வளவுதான்.

இப்போதும் சில இரவுகளில்
மார்யே தூக்கத்தில் நகர்ந்துவந்து
இடக்காதில் காது வைக்கிறாள்.
ஹில்லார்
கடன் கேட்டு வந்தவரிடம் பை தடவுகிறவர்போல
மூச்சைப் பிடித்துக்கொள்கிறார்.